எலி தூக்கிக்கொண்டு போன சீட்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. உன் உடம்பும் வேலையும் அங்கே நல்லபடியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். முழங்கால் கதையை அம்மா போனில் சொல்லுமுன், உன் பல் செட் மாமா அதற்குக் கைகால் வைத்துச் சொல்லுமுன், நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சைக்கிளில் இருந்து விழுந்தேன். ஓடுகிற சைக்கிளில் இருந்து விழுகிறவர்கள் உண்டு, அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. நான் விழுந்தது நிற்கிற சைக்கிளில் இருந்து. அதுவும் தரையில் நின்ற சைக்கிள் இல்லை, மாமாவின் ஷெட்டில் ரிப்பேர் ஸ்டாண்டில் மாட்டி இரண்டு சக்கரமும் தரைக்கு ஒரு முழம் மேலே தொங்கிக்கொண்டிருந்த சைக்கிள், உன்னுடைய பழைய மவுன்டன் பைக். நான் ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்தேன், ஸ்டாண்டு ஒரு நொடி யோசித்தது, அப்புறம் நான், சைக்கிள், ஸ்டாண்டு, பக்கத்து மேஜையில் மாமா அடுக்கி வைத்திருந்த பல் செட்டுகள் எல்லாரும் ஒன்றாகத் தரைக்கு வந்தோம். யாரோ ஒரு வக்கீலுக்காகச் செய்த முழு செட் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே, பிரேக் பிடியின் நுனியில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். வக்கீலுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அறுபத்தொரு வயதில் ஏன்ப்பா ஏறினீங்க என்று நீ கேட்பாய். அதற்கு முன்னால் செய்த குற்றம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிட்டால் என்ன என்றாள் அம்மா. நம் போன் பேச்சு உனக்கே தெரியும், சாப்பிட்டியா, சாப்பிட்டேன்ப்பா, அங்க மழையா, இல்லப்பா, இரு அம்மாகிட்ட குடுக்கிறேன். மூன்று நிமிடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிற திறமை எனக்கு இல்லை. தபாலில் போட்டால் பன்னிரண்டு நாளில் உன் கைக்கு வரும் என்றார்கள், நீ கிளம்ப இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது, ஆகவே கோபப்பட உனக்கு முழுசாகப் பத்து நாள் கிடைக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, கடையில் ஒரு பஸ்ஸின் சீட்டுகளை எல்லாம் பிரித்துப் போட்டு, எது எந்த வரிசை என்று நானே குழம்பிப்போய் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமா போன் செய்தார். சனிக்கிழமை வேன் எடுத்துக்கிட்டு வர்றேன் மச்சான், பாப்பாவோட சைக்கிளை எடுத்துட்டுப் போய் முழுசாப் பிரிச்சுப் புதுசாக்கணும், லீவுல வர்றப்போ மலைப்பாதையில ஓட்டணுமாம், உங்ககிட்ட சொல்லியிருப்பாளே என்றார். சொன்னா சொன்னா, என்கிட்டதான் முதல்ல சொன்னா என்றேன். நீ சொல்லவில்லை. கடையை ஒட்டின நம் வீட்டுக்குள் போய் அம்மாவைக் கேட்டால் அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியுமாம், தம்பி செய்யறான், நல்லா செய்வான், உங்களுக்கு என்ன என்றாள். எனக்கு ஒன்றுமில்லைதான். நெஞ்சில் ஏதோ எரிந்தது, மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். மூன்று மாதமாக அந்த மாத்திரை கேட்கவில்லை, ஆகவே அது வயிற்றுக் கோளாறு இல்லை, பொறாமை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நியாயமாக யோசித்தால் நீ செய்தது சரி. உன் மாமா பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறவர், அரிசி அளவு வேலையைக்கூடக் கை நடுங்காமல் செய்வார், பழைய மலை சைக்கிள் எங்கே துருப்பிடித்துக் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய் வாங்கி வந்து ராஜா மாதிரி ஆக்கிவிடுவார். நான் சீட் தைக்கிறவன். அதோடு எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, இது நம் மூன்று பேருக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம், வெளியில் கேட்டால் முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது ஞாயிறு காலையில் நீயும் மாமாவும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்புவீர்கள், நான் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கேட்டருகே நின்று வழியனுப்புவேன், திரும்பி வரும்போதும் அங்கேயே இன்னும் இரண்டு பாட்டிலோடு நிற்பேன். மேலே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் நீங்கள் இருவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பீர்கள், அதெல்லாம் சொன்னா புரியாது மச்சான் என்பார் அவர். இதெல்லாம் எனக்கு நியாயமாகத் தெரிகிறது. ஆனால் பதினோரு வருஷம் அந்த சைக்கிள் என் ஃபோம் ரோல்களுக்குப் பின்னால் படுத்திருந்தது, மழைச்சாரல் படாமல் ரெக்ஸின் போர்த்திக் காப்பாற்றியது நான், வைத்தியம் பார்க்கிற பெருமை மட்டும் அவருக்கா என்று நினைத்தேன்.

இன்னொரு விஷயமும் இருந்தது, அதுதான் உண்மையான விஷயம். அந்த சைக்கிளின் சீட் நான் தைத்தது. நீ பதினொன்றாவது படிக்கும்போது பழைய கறுப்பு சீட் கிழிந்துபோய், நான் பஸ் சீட்டுக்கு வந்த மெரூன் ரெக்ஸினில் மிச்சம் எடுத்து, ஓரம் சுற்றி மஞ்சள் பைப்பிங் நாடா வைத்து, புது ஃபோம் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். நீ சூப்பர்ப்பா என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாய். மூன்றாவது நாள் நான் பிரேக்டவுன் ஆன ஒரு பஸ்ஸில் அளவெடுக்கப் போனபோது உன்னை ரோட்டில் பார்த்தேன், சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தாய். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் பஸ்ஸுக்குள் குனிந்துகொண்டேன். அதை உன்னிடம் கேட்டதில்லை. ஆகவே மாமா முழுசாகப் புதுசாக்கப் போகிறார் என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, அந்த பஸ் சீட்டைத்தான் முதலில் குப்பையில் போடுவார்கள் என்பது. அவர் கையால் அது குப்பைக்குப் போகக்கூடாது, போனால் என் கையால் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

அன்றைக்கே கடையின் பின்னறைக்குப் போய் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். சீட்டின் அடி நட்டு துருப்பிடித்து, சீட்டைத் தாங்குகிற போஸ்டோடு ஒன்றாகிவிட்டது. சரி, போஸ்டோடு சேர்த்து உருவிவிடலாம் என்றால் அது ஃப்ரேமுக்குள் வேர்விட்டு நிற்கிறது. பழைய சோபா ஸ்பிரிங்குக்கு விடுகிற எண்ணெயை விட்டேன், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல். வெள்ளிக்கிழமை அம்மா கண்ணாடிக்கடைக்குப் போன நேரம் பார்த்து சீட்டைப் பிடித்துத் திருகினேன், அசையவில்லை, என் தோள்தான் அசைந்தது. அப்புறம் எனக்கு ஒரு முட்டாள் யோசனை வந்தது. சீட் திரும்ப மாட்டேன் என்றால் சைக்கிளைத் திருப்பிவிடுவோம் என்று, சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி, என் மேஜையில் இருக்கிற வைஸின் இரும்புத் தாடைக்குள் அந்த போஸ்டை இறுக்கிக் கவ்வ வைத்து, ஃப்ரேமை இரண்டு கையால் பிடித்து, மூடி திறக்காத ஜாடியைத் திருகுவதுபோல் சைக்கிளையே சுற்றினேன். கதவுக் கீல் அழுவதுபோல் ஒரு சத்தம் வந்தது, கால் சுற்று வந்தது, அரைச் சுற்று வந்தது, அப்புறம் மொத்தமும் உருவிக்கொண்டு வந்து நான் ஃபோம் ரோலின் மேல் விழுந்தேன். சைக்கிளோடு சேர்ந்து விழுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது பார். சீட்டைக் குப்பையில் போட மனசு வரவில்லை, அந்த ரோலுக்குள்ளேயே சொருகி வைத்தேன்.

சனிக்கிழமை மாமா வந்தார், சைக்கிளைச் சுற்றி வந்தார், நான் துணி அடைத்து வைத்திருந்த ஓட்டையைப் பார்த்தார். சீட் எங்க மச்சான் என்றார். பழைய ரூம்தானே மாப்ளே, எலி தூக்கிட்டுப் போயிருக்கும் என்றேன். வாய்க்கு அதுதான் வந்தது. அவர் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு அடி அலுமினியக் குழாயோட சீட்டையும் தூக்கிட்டுப் போற எலின்னா அதுக்கு நான் ஒரு ஹெல்மெட் வாங்கித் தரணும் என்றார். அம்மா காபித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் டம்ளரை மட்டும் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தம்பியைப் பார்க்கப் போனாள், நான் அம்மாவுக்குத் துணையாகப் போனேன். உண்மையில் உளவு பார்க்கப் போனேன். மாமாவின் ஷெட்டை நீ பார்த்து ஆறு வருஷம் ஆகிறது, இப்போது உத்தரத்தில் ஏழு சைக்கிள் முன்சக்கரத்தால் தொங்குகிறது, ஒரு பக்கம் பல் வேலை, ஒரு பக்கம் சைக்கிள் வேலை, இரண்டுக்கும் ஒரே பிரஷ்ஷோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உன் சைக்கிளை எலும்பு வரைக்கும் கழற்றிவிட்டார். எல்லாத்தையும் சுரண்டிட்டு புது பெயின்ட் அடிச்சிட வேண்டியதுதானே மாப்ளே என்று கேட்டேன். அப்படிப் பண்ணினா அது வேற சைக்கிள் மச்சான், அவ விழுந்த கீறல் எல்லாம் அதுலதான இருக்கு என்று சொல்லி, அந்த மங்கின நீலத்தையும் அதில் இருக்கிற ஊதா எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். முன்னால் இருந்த மூன்று பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று போட்டார், ஹேண்டில் பாரை அகலமாக்கினார், பக்கத்தில் பழுப்பு நிறம் வைத்த தடி டயர் போட்டார், கட்டைவிரலால் தள்ளுகிற அந்தப் பழைய கியர் லிவரை மட்டும் பிரித்து எண்ணெய் போட்டு அப்படியே வைத்தார். ஒரு ஞாயிறைவிட அடுத்த ஞாயிறு அது அழகாக இருந்தது. ஒரு இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதைவிட எரிச்சல் உன் போன். பல் அச்சு எடுத்த ஒரு சாந்துத் தாடையின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் வேலை பார்ப்பார், நீ அதிலிருந்து ஒரு மணி நேரம் பேசுவாய். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், ஒரு நாள் கடிகாரம் பார்த்தேன். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டு வருஷமாகிறது. நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனில் வீடியோவெல்லாம் பார்த்து நாலு வார்த்தை தயார் பண்ணிக்கொண்டு போனேன். செயின் கொஞ்சம் லூசா தெரியுதே என்று பின்னாலிருந்து சொன்னேன். அப்பா, செயினே இன்னும் போடலப்பா என்றாய் நீ. மாமா சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது, உனக்கும் ஞாபகம் இருக்கும். மாமா உன்னிடம் சொன்னார், இந்த மாதிரி இரும்பு ஃப்ரேம்ல அலுமினிய போஸ்ட் பல வருஷம் கிடந்தா ரெண்டும் ஒட்டிக்கும், போன வருஷம் ஒண்ண நான் ரெண்டு நாள் ரம்பத்தால அறுத்து எடுத்தேன், உன் சைக்கிள்ல யாரோ ஃப்ரேமுக்கு ஒரு நெளிசல்கூட இல்லாம உருவியிருக்காங்க, கை தேர்ந்த ஆள்தான் என்று. யாரு மாமா அந்த மெக்கானிக், அவர் கையைப் பிடிச்சு ஒரு தேங்க்ஸ் சொல்லணுமே என்றாய் நீ. நான் பின்னால் டீ கிளாஸோடு நிற்கிறேன். வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு ஒரு கைத்தட்டல் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ள வழியில்லை, வாங்கினால் எலி மாட்டிக்கொள்ளும். அன்றைக்கு முழுதும் அந்த முகம் தெரியாத மெக்கானிக் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அது நான்தான் என்று தெரிந்தும் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மாமா கடைக்குப் போயிருந்த நேரம் ஷெட்டில் தனியாக இருந்தேன். சுவரில் உன் கையெழுத்தை போனில் வாங்கிப் பிரின்ட் எடுத்து ஒட்டியிருந்தார், நீ செய்யச் சொன்ன வேலைகளின் பட்டியல். எனக்கு எதிராக இன்னும் என்னென்ன சதி என்று பார்க்கத்தான் கண்ணாடி போட்டேன். முதல் வரியே இதுதான், நீ எழுதினது உனக்கே தெரியும், இருந்தாலும் நான் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். மத்த எல்லாம் உங்க இஷ்டம் மாமா, சீட்டை மட்டும் மாத்தாதீங்க, அப்பா தைச்சது, எங்கயாவது தையல் விட்டிருந்தா அப்பாகிட்டயே குடுங்க, வேற யாரும் தொடக்கூடாது. அதன் பக்கத்தில் மாமா பென்சிலால் சீட் இல்லை என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் திரும்பி வந்ததும், சீட் இல்லைன்னு சொன்னப்போ அவ என்ன சொன்னா என்று போகிறபோக்கில் கேட்பதுபோல் கேட்டேன். புது சீட் வாங்கிடவான்னு கேட்டேன் மச்சான், வேண்டாம், இன்னொரு தடவை தேடிப் பாருங்க மாமான்னா என்றார்.

வாலு, நான் ஃபோம் ரோலுக்குள் ஒளித்து வைத்தது அதைத்தான். எது உன்னிடமிருந்து போய்விடக் கூடாது என்று திருடினேனோ அதை உன்னிடமிருந்தே திருடியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பிளாஸ்டிக் பையை வெட்கத்தில் கட்டினாயா, அழுக்காகக் கூடாது என்று கட்டினாயா என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் சொல்லாதே. அந்த முதல் வரியே எனக்குப் போதும்.

மறுநாளே சீட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் கொடுத்தேன், ஃபோமுக்கு அடியில கெடந்தது மாப்ளே, இப்பதான் கண்ணுல பட்டது என்றேன். அவர் வாங்கி போஸ்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை பேருடைய கடியைப் பார்த்தவர். இது உங்க கடை வைஸோட கடி மச்சான், பாருங்க, இடது ஓரத்துல ஒரு பல் உடைஞ்சிருக்கு, உங்க வைஸ்ல அந்த இடத்துலதான் உடைஞ்சிருக்கும் என்றார். உடைந்திருக்கிறது, நீ பிறந்த வருஷம் நான்தான் சுத்தியலால் உடைத்தேன். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் அதட்டவில்லை, கேலிகூடப் பண்ணவில்லை, எப்படி எடுத்தீங்க என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சைக்கிளைத் திருப்பினீங்களா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, உத்தரத்தில் தொங்குகிற இரண்டு சைக்கிளைக் காட்டி, இதுல ரெண்டுலயும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு மச்சான், அடுத்த வாரம் கொஞ்சம் வந்து பாருங்க என்றார். இப்படி நல்லவராக இருப்பதற்கும் எனக்கு அவர் மேல் பொறாமைதான். பாப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிடுங்க என்றும் சொன்னார்.

சீட்டைத் திரும்பக் கடைக்கே எடுத்து வந்து, அந்த வாரம் முழுக்க மற்ற வேலைகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பிரித்தேன். ரெக்ஸின் அதேதான், ஒரு இடத்தில்கூட மாற்றவில்லை, உள்ளே ஃபோம் மட்டும் புதுசு, உனக்கு இப்போது முதுகு வலிக்கிறது என்று அம்மா சொன்னதால் பின்பக்கம் கொஞ்சம் அதிகம் வைத்திருக்கிறேன். மஞ்சள் பைப்பிங் மூக்கு நுனியில் விட்டிருந்தது, பழைய ஊசித் துளைகளிலேயே திரும்பவும் கையால் தைத்தேன், மெஷினில் விடவில்லை. போஸ்டில் இருந்த கடியைத் தேய்த்து எடுக்கவா என்று மாமா கேட்டார், வேண்டாம் என்றேன். அதுவும் ஒரு கீறல்தானே. போன ஞாயிறு அதைப் பொருத்தினோம், அவர் கை கழுவ உள்ளே போனார், நான் ஏறினேன், மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி ஒரு வழியாக வந்துவிட்டது, என் முகத்தைப் பார்த்து இவ்வளவு சுருக்கமா என்றாள், பழைய கண்ணாடியே பரவாயில்லை என்று எனக்குப் பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குப் பெயின்ட் அடித்து நம் கேட்டிலும் பாதி அடித்துவிட்டார், மீதிப் பாதியை யார் அடிப்பது என்று இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறோம். நீ வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்கு சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன், அதை விட்டுவிடு. இறக்கத்தில் வரும்போது முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே, தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடும், இது வீடியோவில் பார்த்தது. நீ எங்கே இருந்தாலும் கைகால் சுகமாக, மனசு நிறைவாக, சிரித்த முகமாக இருக்க வேண்டும், அந்த ஒரு மணி பன்னிரண்டு நிமிடச் சிரிப்பு உனக்கு எப்போதும் குறையக் கூடாது. வரும்போது உன் ஹெல்மெட்டை மறக்காமல் எடுத்து வா, இங்கே இருந்ததன் பட்டை இற்றுப்போய்விட்டது. இதைப் படித்ததும் மாமாவுக்கு போன் செய்துவிடாதே, முதலில் எனக்குச் செய், திட்டுவதாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு
உன் சீட்டைத் திருடிய எலி,
அப்பா

பி.கு. நான் தரையில் கிடந்தபோது அம்மாவும் மாமாவும் ஓடி வந்தார்கள். வக்கீலின் பல்லை என் மேலிருந்து எடுத்துக்கொண்டே மாமா, ஏன் மச்சான் ஏறினீங்க என்று கேட்டார். சீட் உயரம் அவளுக்குச் சரியா இருக்கான்னு பார்த்தேன் என்றேன். அவர்களிடம் சொல்லாதது இது. நீ வரும்போது நீங்கள் இரண்டு பேரும் மேலே போவீர்கள், அந்தத் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு இந்தத் தடவையும் கேட்டருகே நிற்க எனக்கு மனசில்லை.